மலையில் நின்ற பொயிலை

“நுனி முறிக்காமல் விட்டிருக்கிறாங்கள், பாத்தியே?” என்றார் அப்பா.

அவர் அதைச் சொன்ன இடம் இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே. மாசி மாதத்துக் காலை ஏழரை மணி. கம்பளித் தொப்பிக்கு மேலே அம்மாவின் பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு, வேட்டிக்குள் மருமகனின் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு நின்றார். மலைக்கும் வேட்டிதான் என்று அடம்பிடித்து வென்ற வேட்டி அது. முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது.

எங்களுக்கு முன்னால் புல்வெளி ஒரு பெரிய தாச்சிபோலக் குழிந்து கிடந்தது. குழியின் அடியில் நீர் கசிந்து மண் கறுத்துப்போயிருந்தது. புல் முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில் ஏழெட்டுச் செடிகள் வரிசை பிடித்தாற்போல நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேலே. கீழே பெரிய நீண்ட இலைகள், மேலே போகப்போகச் சிறுத்து, உச்சியில் ஒரு முழத்துக்குக் குறையாத பூக்கதிர். பூ வெள்ளையா ஊதாவா என்று மூடுபனிக்குள் தெரியவில்லை.

“என்னது அப்பா?”

“என்னதோ? பொயிலையெல்லோ! இஞ்சை ஆர் கொண்டுவந்து நட்டது?”

யாழ்ப்பாணத்தாருக்கு மலையைப் பற்றிப் பேச அருகதை குறைவு. எங்களிடம் இருக்கிற ஒரே மலை கீரிமலை. போய்ப் பார்த்தால் அங்கே மலை இல்லை, கடலோரத்தில் ஒரு கேணிதான் இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் தரை, கைவிரித்த மாதிரித் தட்டை. அதனால் மலைப் பூ ஒன்றுக்குப் பெயர் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் புகையிலைக்கு உண்டு.

அப்பா உரும்பிராய்ச் செம்மண்ணில் நாற்பது வருடம் புகையிலை வைத்தவர். மாரி மழைக்குள் நாற்றுமேடை, மழை ஓய்ந்ததும் நடுகை, பங்குனி சித்திரையில் வெட்டு. முதலில் துலா, பிறகு மண்ணெண்ணெய் மிசின், பிறகு கரண்ட் மோட்டார். தண்ணீர் இறைக்கிற முறைதான் மாறியது, இலைக்குக் கும்பிடு போட்டபடி நிற்கிற முதுகு மாறவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் தோணியேறித் திருவிதாங்கூர் வரை போய் விலைப்பட்ட சரக்கு. வெற்றிலை போடுகிற மலையாளத்துக்காரருக்கு அதன் காரம் பிடித்துப்போயிருந்தது. எங்கள் அப்புவின் காலத்திலேயே அந்த வியாபாரம் பழங்கதை. ஆனாலும் அப்பா அதைத் தான் நேரில் பார்த்ததுபோலத்தான் சொல்லுவார்.

நுனி முறிக்கிற கதையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் குழப்பமும் அதற்குள்தான் இருக்கிறது.

புகையிலைச் செடி அளவான இலை வைத்ததும், மொட்டு விரிய முன்னமே உச்சியை ஒடித்துவிட வேண்டும். விட்டால் செடியின் சத்தெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். இலை மெலியும், காரம் குறையும். நிக்கோட்டின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிற சரக்கு. நுனியை ஒடித்தால் வேர் அதைக் கூடுதலாகச் செய்து மேலே அனுப்பும். இந்த விளக்கம் அப்பாவுக்குத் தெரியாது, ஆனால் ஒடித்த செடியின் இலை ‘ஏறும்’ என்பது தெரியும். நுனி போன செடி சும்மாவும் இருக்காது. ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் புதுக் குருத்தை நீட்டும். அதையும் கிள்ள வேண்டும். கிள்ளக் கிள்ள விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அண்ணாவும் கிள்ளிய குருத்துக்குக் கணக்கில்லை. விரலெல்லாம் பிசின் ஒட்டிக் கறுத்துப்போகும். சவர்க்காரத்துக்கு அசையாது, தேசிக்காய்ப் பாதியைப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்தக் கையோடு சோறு தின்றால் வாய் கசக்கும்.

ஆகவே, நாற்பது வருடம் புகையிலையோடு வாழ்ந்த மனிதர், புகையிலைப் பூவை விதைக்கென்று விட்ட நாலைந்து செடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அதையும் நின்று பார்க்கவில்லை. விதை முற்றிவிட்டதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். இலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பூ அவர் தொழிலுக்கு எதிரி.

அதனால்தான் அந்தப் புல்வெளியில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நீண்டு அகன்ற இலை, நடுநரம்பு தடித்து வெளிறியது, தண்டோடு ஒட்டி அடுக்கடுக்காய் ஏறுவது, உச்சியில் பூ. எல்லாம் சரி. தோட்டக்காரன்தான் சரியில்லை என்பதே அவருடைய கவலை.

என் சின்னவன் கைபேசியை நீட்டினான். படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்கிற செயலி ஒன்று வைத்திருக்கிறான். அது முதலில் வெர்பாஸ்கம் என்றது. பனி கொஞ்சம் விலகியதும் எடுத்த இரண்டாவது படத்துக்கு டிஜிட்டாலிஸ் என்றது. இரண்டும் ஐரோப்பாச் செடிகள். வெர்பாஸ்கத்துக்கு இலையெல்லாம் கம்பளி போர்த்தினாற்போல மயிர், பூ மஞ்சள். டிஜிட்டாலிஸுக்குப் பூ தொங்குகிற மணிக்குழாய், உள்ளே புள்ளிகள். எங்கள் முன்னால் நின்றது இரண்டும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. உயரமாக ஒரு கதிர் நின்றால் செயலி தனக்குத் தெரிந்த உயரமான கதிர்களில் ஒன்றைச் சொல்கிறது. அப்பாவும் அதைத்தானே செய்தார்! ஆனால் அப்பா இலையையாவது பார்த்தார்.

கிட்டப் போய்ப் பார்க்க வழியில்லை. 1988 முதல் அது தேசியப் பூங்கா, 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இருக்கிற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. பாதையை விட்டு இறங்கக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. பிடுங்கவிடாததும் நல்லதுதான். 1960களில் அங்கே உருளைக்கிழங்கு போட்டார்கள். உழுத இடத்தில் பழைய புல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் இந்தக் கசிகிற புல்வெளிகளிலிருந்துதான் தொடங்குகிறது. நாங்கள் தண்ணீருக்குக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர். ஆறு பிறக்கிற இடம் இப்படிச் சத்தமில்லாமல் ஈரமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உலக முடிவு என்கிற மலை விளிம்புக்கும் போனோம். எண்ணூறு மீற்றருக்கு மேலான பள்ளம் என்கிறார்கள். வெள்ளை மூடுபனிதான் தெரிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விஷயம் திரும்பி வருகிற வழியில்தான் நடந்தது. பூங்காவை விட்டு வெளியே வந்து பட்டிப்பொலப் பக்கமாக வான் இறங்கிக்கொண்டிருந்தது. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அங்கே இருக்கிறது, 1891 மீற்றர். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதாகப் பேச்சு. வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்குப் பின்னால் நீர் ஓடுகிற சின்னக் கான். கானோரத்தில் அதே செடி மூன்று.

அப்பா தேத்தண்ணியைக்கூடக் கேட்காமல் இறங்கி நடந்தார். நாங்கள் போய்ச் சேரும் முன்னமே பழக்கதோஷத்தில் கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஓர் இலையின் நுனியைக் கிள்ளிவிட்டார்.

கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் முத்தியது.

அப்பா அதைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், தன் காணியின் எல்லைக்கல்லை யாரோ நகர்த்திவிட்டதைக் கண்ட நாளில். விரலை உயர்த்திப் பிடித்தார். பால் விரலோரமாக வழிந்தது.

“பாலெல்லோ வருது! பொயிலைக்கு எங்கை பால்?”

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பிழை விட்டுவிட்டோம் என்று வெட்கப்படவில்லை, உடனே சரிபார்க்கத் தொடங்கினார். இன்னோர் இலையை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து அடியிலிருந்து நுனி வரை உருவினார். பிசின் ஒட்டவில்லை. புகையிலை இலையில் கண்ணுக்குத் தெரியாத சுரப்பி மயிர்கள் உண்டு, உருவினால் விரல் பிசுபிசுக்கும். அடுத்து இலை ஓரத்தை நகத்தால் தடவினார். “சின்னப் பல்லுப் பல்லாய்க் கிடக்கு. பொயிலை ஓரம் நேராய் இருக்கும்.” பிறகு தண்டைத் தட்டிப் பார்த்தார். “உள்ளுக்குக் கோறை.” கடைசியாக விரலை மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே நாக்கு நுனிக்கும் கொண்டுபோகப் பார்த்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

“அது காட்டுப்பொகையில ஐயா,” என்று கடைக்கார அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவராம். “வாயில வச்சிறாதீங்க. மாடுகூடத் தொடாது. காஞ்ச எலய அள்ளுனா தும்மல் நிக்காது, கண்ணு எரியும். கைய நல்லாக் கழுவுங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியே, அவவும் பொயிலை எண்டுதானே சொல்லுறா.”

காட்டுப்புகையிலை. சிங்களத்திலும் அதே பொருள்தான், வல் தும்கொள. அப்பா பாதிக்குப் பாதி வென்றுவிட்ட மாதிரித் தேத்தண்ணிக்கு வந்து உட்கார்ந்தார்.

எனக்குத்தான் ஆறவில்லை. செடிக்குக் கீழே பூக்கள் சில உதிர்ந்து கிடந்தன. வாடாத நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து கடைப் பிளேற்றில் பரப்பினேன். சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன். உயர்தர வகுப்புக்குப் பிறகு, இருபத்தைந்து வருடத்துக்குப் பின், அன்றுதான் ஒரு பூவை வெட்டினேன்.

வெட்டத் தேவையே இருக்கவில்லை. அது ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது. வெள்ளையில் இலேசாக ஊதா ஓடிய பூ, பெருவிரலின் பாதி நீளம். ஐந்து இதழும் அடியில் சேர்ந்து குழாயாகின்றன. ஆனால் குழாய் முதுகுப் பக்கத்தில் நுனியிலிருந்து அடி வரை பிளந்து கிடக்கிறது. தைக்க மறந்த சட்டைக் கைபோல. இதழ்கள் எல்லாம் அதனால் கீழ்ப்பக்கமாகவே கவிழ்ந்துவிட்டன. அந்தப் பிளவு வழியாக, வளைந்த ஊசிபோல ஒரு குழாய் எட்டிப் பார்க்கிறது. ஐந்து கேசரங்களின் மகரந்தக்கூடுகளும் ஒன்றோடொன்று ஒட்டி அந்தக் குழாயாகியிருக்கின்றன. நிறம் சாம்பல் நீலம். நுனியில் சின்னதாக ஒரு வெள்ளை மயிர்க்குஞ்சம்.

புகையிலைப் பூ இப்படியா? அது ஒரு குட்டிப் புனல். வாயில் ஐந்து மூலை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி. ஐந்து கேசரமும் தனித்தனியே நிற்கும்.

படங்களை எங்கள் பழைய உயிரியல் ரீச்சருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓய்வு பெற்று இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சிக்னல் வந்த இடத்தில், நுவரெலியாவுக்குக் கிட்ட, அவருடைய குரல் வந்து விழுந்தது. வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை.

“பால் வந்ததோ? பூ மேல்பக்கம் அடிவரை பிளந்து கிடந்ததோ? மகரந்தக்கூடு ஒட்டிக் குழாயாய் நிக்குதோ? மூண்டும் ஓம் எண்டால் அது லொபீலியா. நீர் என்ன, இலையைப் பாத்தே பெயர் சொல்லப் பாத்தனீர்?”

இலையைப் பார்த்தது நானில்லை, அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பாடப்புத்தகத்தில் செடிகளின் இரண்டு சொல் அறிவியல் பெயரில் முதற்சொல்லைச் ‘சாதி’ என்றும் இரண்டாவதை ‘இனம்’ என்றும் போட்டிருந்தார்கள். சாதி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே தெரியும் என்று ரீச்சர் வகுப்பில் சொல்லும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். இந்தச் செடியின் சாதி லொபீலியா, இனம் நிக்கோட்டியானிஃபோலியா. அந்த இனப்பெயருக்குப் பொருள் ‘புகையிலை இலையுள்ள’ என்பது. பெயர் வைத்த தாவரவியலாளரும் முதலில் அப்பா பார்த்ததைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் பூவையும் பார்த்துவிட்டு லொபீலியாச் சாதியில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதே மலைகளில் லொபீலியா லெஷெனோல்டியானா என்று இதற்கு ஒரு தம்பியும் உண்டு. அதுவும் உயரம்தான், ஆனால் உடம்பெல்லாம் மென்மயிர் அடர்ந்திருக்கும். இங்கேயும் தென்னிந்தியாவிலும் செடி சேகரித்துத் திரிந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். கானோரத்துச் செடியின் இலையை அப்பா உருவியபோது அப்படியான மயிர் விரலில் படவில்லை.

அந்த ஒட்டிய குழாய் எதற்கு என்று ரீச்சர் அன்றிரவு இன்னொரு குரல்பதிவில் சொன்னார். சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி. மகரந்தம் குழாய்க்கு உள்பக்கமாகத்தான் கொட்டுகிறது. குழாய்க்கு அடியிலிருந்து பூவின் பெண்பகுதித் தண்டான தம்பம் மெல்ல மெல்ல மேலே வளர்கிறது. வளர்கிறபோது மகரந்தத்தை நுனி வழியாகப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. வருகிற வண்டின் முதுகில் அது ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் தீர்ந்தபிறகு தம்பத்தின் நுனி வெளியே வந்து இரண்டாகப் பிரிந்து விரிகிறது. இப்போது வேறு பூவின் மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. ஒரே பூ முதலில் ஆண், பிறகு பெண். சின்னவனுக்கு ‘இடியப்ப உரல்’ என்றதும் விளங்கிவிட்டது. உரலுக்குள் மா, மேலே அழுத்துகிற கட்டை, பிதுங்கி வருகிற இழை. இங்கே உரல் தலைகீழ், அவ்வளவே. ரீச்சர் அதற்குச் சிரித்துவிட்டு, தலைகீழ் என்றால் முழுப்பூவுமே தலைகீழ்தான் என்றார். மொட்டாக இருக்கும்போது பூவின் காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொள்கிறதாம். மேலே இருக்க வேண்டியது கீழே வந்துவிடும்.

வீடு வந்தபிறகும் என்னை விடாத விஷயம் அந்தக் ‘காட்டு’ என்ற சொல். காட்டுப்புகையிலை, காட்டுத்துளசி, காட்டுச்சீரகம் என்று வாயில் வருகிறது. கேட்டால் வீட்டில் இருப்பதுதான் அசல், காட்டில் நிற்பது அதன் போலி என்று படும். ஆனால் இங்கே கணக்கு வேறு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் கப்பலேறிய காலத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்தது. மலையில் நிற்கிற லொபீலியாவோ இங்கேயும் தென்னிந்திய மலைகளிலும் ஆதியிலிருந்து நிற்பது. வந்தவனைப் பார்த்து இருந்தவனுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அறிவியல் பெயராவது நியாயம் செய்ததா என்றால் அதுவும் இல்லை. லொபீலியா என்பது மத்தியாஸ் த லோபெல் என்ற பிளெமிய மருத்துவரின் பெயர். நிக்கோட்டியானா என்பது 1560இல் லிஸ்பனிலிருந்து பிரான்ஸ் அரச சபைக்குப் புகையிலை அனுப்பிவைத்த தூதர் ஷான் நிக்கோவின் பெயர். இருவரும் ஹோர்ட்டன் சமவெளியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். சமவெளியின் பெயரும் 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனுடையது என்பதைச் சேர்த்தால் பட்டியல் பூர்த்தி.

இன்னொன்று. இது அப்பாவுக்குச் சொல்லாமல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன், சொன்னால் தலைகால் தெரியாது என்பதால். இந்தச் செடியில் லொபெலின் என்ற காரப்பொருள் இருக்கிறது. நம் உடம்பில் நிக்கோட்டின் போய் ஒட்டுகிற அதே இடத்தில் அதுவும் போய் ஒட்டும். வட அமெரிக்காவில் லொபீலியா இன்ஃப்ளாட்டா என்று இதன் உறவு ஒன்று உண்டு. அங்கேயும் அதற்கு நாட்டு வழக்கில் ‘இந்தியப் புகையிலை’ என்றுதான் பெயர். அந்தச் செடியின் லொபெலினைப் புகைப்பழக்கம் விடுகிற மாத்திரையாகக்கூட அமெரிக்காவில் விற்றார்கள். பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 1993இல் அந்த வகை விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இதை வாசித்துவிட்டு யாரும் மலைக்குப் போய் இலை பொறுக்க வேண்டாம். லொபெலின் அளவு கூடினால் வாந்தி, மயக்கம், அதற்கு மேலும் போகும். கடைக்கார அம்மா சொன்னதுதான் சரி, மாட்டுக்கு இருக்கிற புத்தி நமக்கும் வேண்டும்.

கடைசியில் சொல்லித்தான் விட்டேன். அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் சொன்னது முழுப்பிழை இல்லை” என்றார். அடுத்த நாள் சந்திக் கடையில் யாருக்கோ இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் பால் வந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான், பூவைப் பிளந்ததும் அவர்தான்.

ரொறன்ரோவிலிருக்கும் அண்ணாவுக்கும் படங்கள் போயின. அவருடைய வீட்டுக்குக் கிட்ட ஓர் ஓடை இருக்கிறது. கோடையில் அதன் ஈரக் கரையில் இரத்தச் சிவப்பாக ஒரு பூ நெட்டையாக நிற்குமாம். வருடக்கணக்காகப் பார்த்தும் பெயர் கேட்டதில்லை. பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று இதழ் கீழே விரிந்து, முதுகு பிளந்து, பிளவுக்குள்ளால் வளைந்த குழாய் ஒன்று வெளியே நிற்கிறது. நுனியில் மயிர்க்குஞ்சம். “அண்ணா, அதுவும் லொபீலியா” என்று எழுதினேன். லொபீலியா கார்டினாலிஸ், அந்த நாட்டுச் சுதேசி. தேன்சிட்டு மாதிரி அங்கே ஹம்மிங் பறவை இருக்கிறதே, அது வந்து குடிக்கும். ஒரு பூவை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறதையும் அடையாளம் பிடிக்கலாம் என்பதில் எனக்கு வந்த புளுகம் இரண்டு நாள் நின்றது. கென்யா மலையிலும் கிளிமஞ்சாரோவிலும் பனி விழுகிற உயரத்தில் தூண்மாதிரி நிற்கிற இராட்சத லொபீலியாக்களின் படங்களை அன்றிரவு முழுக்கப் பார்த்தேன். அது வேறு கதை.

ஆனால் ரீச்சர் விடவில்லை. “மலைக்குப் போய்த்தான் உந்தப் பிளவைப் பாக்க வேணுமோ? மணற்காட்டுக்குப் போம்” என்றார்.

பங்குனிக் கடைசியில் போனோம், நானும் அப்பாவும் சின்னவனும். வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகள். அடம்பன் கொடி ஊதாப்பூவோடு ஓடிக்கிடந்தது. இராவணன் மீசைப் புல் காலில் குத்தியது. கடலைப் பார்த்த மேட்டில், தடித்த பச்சை இலையோடு இடுப்பளவில் ஒரு பற்றை. கிளை நுனியில் வெள்ளைப் பூ. யாரோ பாதியைக் கிழித்துவிட்டுப் பாதியை விட்டாற்போல, ஐந்து இதழும் ஒரு பக்கமாக விரிந்த உள்ளங்கை. முதுகில் அடிவரை பிளவு.

இந்தப் பற்றையை 1788இல் கேர்ட்னர் என்ற ஜேர்மன்காரர் விவரித்தபோது வைத்த பெயர் லொபீலியா டக்காடா. டக்காடா என்பது சிங்களத்தில் இதற்கு வழங்கும் பெயரேதான். பிறகுதான் இதை ஸ்கைவோலா என்ற சாதிக்கு மாற்றினார்கள். அந்தச் சாதிப்பெயர், எதிரியின் முன்னால் தன் வலக்கையைத் தீயில் வைத்து எரித்ததால் ‘இடக்கைக்காரன்’ என்று பெயர் பெற்ற ஒரு ரோம வீரனின் நினைவாக. கைமாதிரிப் பூ என்பதால். அப்படிப் பார்த்தால் அப்பா மட்டுமில்லை, தாவரவியலாளரும் ஒரு தடவை வேறு பெயர் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். லொபீலியாவுக்கு இது தூரத்துச் சொந்தம், பிளவைப் பாருங்கோ, என்று. அவர் பூவைப் பார்க்கவில்லை. குனிந்து, இலையின் நுனியைக் கிள்ளினார். கிள்ளிய இடத்தை வெயிலுக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னோர் இலையையும் கிள்ளினார்.

“பால் இல்லையே பிள்ளை,” என்றார். “ரீச்சரிட்டைத் திருப்பிக் கேள்.”